பி.காம். அண்ணனின் வழியனுப்பு விழா

கல்லூரி வாசலை மிதிக்காமலேயே பட்டதாரியாக வாழ்ந்தவர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் போர்ட் பிளேர் லம்பா லைனில் மளிகைக் கடை வைத்திருந்த ‘பி.காம்.’ அண்ணன். அறுபதுகளில் நான் அரசாங்க குமாஸ்தாவாக அங்கே போய் இறங்கியபோதே அந்தப் பெயர் நிலைத்துவிட்டிருந்தது. வருஷா வருஷம் பி.காம். படிக்கப் போவதாக அறிவித்து, வருஷா வருஷம் போகாமல் இருந்து சம்பாதித்த பட்டம் அது.

ஆசை என்னவோ நிஜம். ஹையர் செகண்டரி முடித்த கையோடு அப்பா காலமாகிவிட, கடையில் உட்கார்ந்தவர். "படிச்சிட்டு வந்தா இதே கடையை எங்கேயோ கொண்டு போயிருவேன், சார்" என்பார். சொல்லும்போது கண் கலங்கும். எனக்கும் பாவமாக இருக்கும்.

சிக்கல் எல்லாம் எந்தக் கல்லூரி என்பதில்தான். மெயின்லாண்டிலிருந்து கப்பல் வந்தால் துறைமுகத்துக்கு ஓடிப்போய், இறங்குகிறவர்களை மடக்கி விசாரிப்பார். ஒருமுறை மதுரை வாத்தியார் ஒருவர் அகப்பட்டார். எங்கள் ஊரிலேயே நல்ல கல்லூரி இருக்கிறதே என்றார் அவர்.

"உங்க ஊர்ல கப்பல் எங்க நிக்கும்?" என்று கேட்டார் அண்ணன்.

"மதுரைக்கு ஏதுங்க கப்பல்?"

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாத்தியார் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அரே, கப்பலே வராத ஊர்ல என்ன சார் வியாபாரம் நடக்கும்? சரக்கு என்ன வானத்துலேர்ந்தா குதிக்கும்? அங்க போய் நான் காமர்ஸ் படிக்கணுமாம்."

அரிசி முதல் தீப்பெட்டி வரை எல்லாம் கப்பலில் வந்தே பார்த்தவர். லாரி, ரயில் என்று நான் எடுத்துச் சொன்னது எடுபடவில்லை. கோயம்புத்தூர், திருச்சி, சேலம் எல்லாம் இப்படியே அடிபட்டுப் போயின. கல்கத்தாவில் கப்பல் இருந்தது. ஆனால் அங்கே மீனில் கடுகை அரைத்து ஊற்றுவார்கள் என்று பக்கத்து வீட்டு பெங்காலி பாபு பெருமையடித்ததில் அதுவும் போயிற்று. மிஞ்சியது மெட்ராஸ்.

ஒரு வருஷம் அங்கே இடமும் கிடைத்துவிட்டது. "இந்தத் தடவை பக்கா, சார்" என்றார். அவர் மனைவி மேரி அக்கா மட்டும் நம்பவில்லை.

"போறதுன்னா போயிருங்க. வருஷா வருஷம் வழியனுப்பி பாயாசம் காய்ச்ச என்னால ஆகாது" என்றார். சொல்லிவிட்டுக் காய்ச்சவும் செய்தார். தெருவே குடித்துவிட்டு, மாலை போட்டு, துறைமுகம் வரை கூட்டிப் போனது. டிரங்குப் பெட்டி முதலில் ஏறியது. பின்னாலேயே அண்ணனும் ஏறினார்.

சங்கு ஊதிக் கப்பல் நகர்ந்தது. எல்லோரும் கையாட்டினோம். பக்கத்தில் ஒருவர் எங்கள் எல்லோரையும்விட உற்சாகமாக ஆட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை. பார்த்தால், பி.காம். அண்ணன்.

"அண்ணே, நீங்க யாரை வழியனுப்புறீங்க?"

"ஏறினேன், சார். மேல நின்னு பார்த்தா, தெரிஞ்ச மூஞ்சி பூரா கரையில நிக்குது. கப்பல்ல எனக்கு ஒருத்தரையும் தெரியல. இறங்கிட்டேன்."

மேரி அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "வாங்க, பாயாசம் மிச்சம் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் எந்தக் கல்லூரியையும் விசாரிக்கவில்லை. பெட்டி மட்டும் மெட்ராஸ் போய்விட்டு அடுத்த கப்பலில் திரும்பி வந்தது. அதன் மேல் உட்கார்ந்து நிம்மதியாகப் பருப்பு நிறுத்துக்கொடுத்தார். "எங்க வீட்ல காலேஜ் ஊரைப் பார்த்தது இது ஒண்ணுதான்" என்று வாடிக்கைக்காரர்களிடம் தட்டிக் காட்டுவார்.

எனக்கு மாற்றல் வந்து கப்பல் ஏறிய அன்று, கரையில் கடைசிவரை நின்று கையாட்டியவர் அவர்தான். நான் மேலே நின்று பார்த்தேன். கப்பலில் எனக்கும் ஒருவரையும் தெரியவில்லை.