மூன்றாம் வரிசையில் ஒரு மீசை

"அனைவருக்கும் வணக்கம்" வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு ஸ்டோர் கீப்பருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தொழிற்சாலை ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி. தலைப்பு: தீ விபத்து. "நாலு பேர் முன்னாடி வாய் திறக்கத் தெரியாதவன் நாப்பது பேரை எப்படிய்யா மேய்ப்பான்? மேடையில பேசிக் காட்டு. சூப்பர்வைசர் வேலை உனக்குத்தான்" என்று சொன்ன மேனேஜர், முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கண்ணாடி முன்னால் சிங்கமாகக் கர்ஜித்தவர், இப்போது மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடையோரத்தில் நின்ற மனைவி கிசுகிசுத்தாள். "எல்லாரையும் பாக்காதீங்க. யாராவது ஒருத்தர் மூஞ்சியை மட்டும் பாத்துப் பேசுங்க!"

மூன்றாம் வரிசை ஓரத்தில், வேறு பிரிவைச் சேர்ந்த ஒரு மீசைக்காரர் இருந்தார். மீசைதான் பெரிசு, சாதுவான முகம். அவரைப் பார்த்து ஆரம்பித்தார்.

"ஒரு சிறு பொறி! அது போதும் நம்மை அழிக்க!"

மீசைக்காரரின் முகம் வெளுத்தது.

ஸ்டோர் கீப்பருக்குச் சந்தேகம் வந்தது. அவ்வளவு மோசமாகவா பேசுகிறோம்?

"இன்னும் சத்தமா!" என்றாள் மனைவி.

"எரிகிறதே! தோழர்களே, எரிகிறதே!"

மீசைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. கூட்டம் கைதட்டியது. அது ஸ்டோர் கீப்பரின் காதில் ஏறவே இல்லை.

"கையை ஆட்டுங்க!"

கையை வீசினார். மேசையைக் குத்தினார். அழாத குறையாகக் குரலை உடைத்தார். மேனேஜரே மூக்கைத் துடைத்துக்கொண்டார். மீசைக்காரரோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

ஐயோ, பேசியே ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டோமே! சூப்பர்வைசர் வேலையாவது, மண்ணாவது. ஸ்டோர் கீப்பர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார்.

"என்னங்க, பாதியில எங்க ஓடுறீங்க? மேனேஜர் பாக்குறாரு!" மனைவி பதறினாள்.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். அவரைத் தாண்டி ஓடிய ஸ்டோர் கீப்பர், மீசைக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"சார்! கண்ணைத் திறங்க சார்! என்ன பண்ணுது? டாக்டரைக் கூப்பிடவா?"

மீசைக்காரர் ஜில்லிட்ட விரல்களால் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், நிறுத்தாதீங்க சார். மேலே போய்ப் பேசிக்கிட்டே இருங்க. அடுத்துப் பேச வேண்டியவன் நான்தான்!"