எவரையும் சேர்க்காத அகாடமி

அந்த நாட்டில் ஓராண்டுப் பயிற்சியில் ராணுவ அதிகாரிகளைத் தயாரிக்க மூன்று அகாடமிகள் இருந்தன. தரைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று. இவற்றில் எது அதிக கௌரவமானது என்று பொதுமக்களிடம் கேட்டறிவது அவசியமென அரசுக்கு ஒருநாள் தோன்றியது. மூன்றில் எதையும் கண்ணால் பார்த்திராத மக்கள் நன்றாக யோசித்துக் கடலுக்கு முதலிடம் கொடுத்தார்கள். வெள்ளைச் சீருடையாம். வானத்துக்கு இரண்டாமிடம். கறுப்புக் கண்ணாடியாம். தரை கடைசி. தரையில் எல்லோரும்தான் நடக்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது?

தரைப்படை அகாடமியின் டிரில் மாஸ்டருக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. மீசை என்றால்தான் அவரை ஊருக்குத் தெரியும். விடிந்தும் விடியாமலும் பையன்களைச் சேற்றில் உருட்டி எடுப்பது அவர் தொழில். சேற்றிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அவருக்கு இருந்த ஆசை ஒன்றுதான். மைதானத்து வேலிக்கு வெளியே நின்று, அவர் போடும் ஒவ்வொரு கட்டளைக்கும் காலை உதைத்து வளர்ந்த மகள், ஒருநாள் வேலிக்கு உள்ளே நிற்க வேண்டும். மகளுக்கும் அதே ஆசைதான். அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

அகாடமியின் தலைவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. மீசையைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஜனங்க எதை மதிப்பாங்க தெரியுமாய்யா? கிடைக்காததை."

"அதுக்கு நாம என்ன பண்றது சார்?"

"நாம கிடைக்காம போயிடணும்."

அந்த ஆண்டு பாதிப் பேரைத்தான் சேர்த்தார்கள். தரை இரண்டாமிடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சேர்த்தார்கள். கடலுக்கு மூச்சுத் திணறியது. அதற்கடுத்த ஆண்டு அறிவிப்பு வந்தது: "தகுதியின் உன்னத நிலையைக் கருத்திற்கொண்டு, இவ்வாண்டு எவருமே தகுதியுடையவர் அல்லர் என்பது மகிழ்ச்சியுடன் தெரிவிக்கப்படுகிறது."

தரை முதலிடத்தில் போய் உட்கார்ந்தது.

ஊர் மாறியது. 'தரைப்படை அகாடமியால் நிராகரிக்கப்பட்டவர் இல்லம்' என்று வாசலில் பித்தளைப் பலகைகள் பளபளத்தன. நிராகரிக்கப்பட்ட மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. முழங்கால் வலிக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் விண்ணப்பித்து, முறைப்படி நிராகரிக்கப்பட்டு, நிம்மதியாக வீடு திரும்பினார்கள். எதிரி நாட்டுத் தளபதிகூடத் தன் மகனை அனுப்பிவைத்தார். அவனையும் மரியாதையாக நிராகரித்து, மாலை போட்டு அனுப்பினார்கள்.

மீசையின் மகளும் நிராகரிக்கப்பட்டாள். மீசையின் அக்கா ஓடிவந்து கன்னத்தைக் கிள்ளினாள். "என் பையனை எடுத்த எடுப்பிலேயே நிராகரிச்சாங்க. உன்னைக் கடைசி வரைக்கும் ஓட விட்டாங்களாமே? பரவாயில்லை, நிராகரிப்பு நிராகரிப்புதான்."

அக்கா போனதும் மகள் கேட்டாள்: "அப்பா, தேர்வுல அந்த உயரச் சுவரை ஏறித் தாண்டினது நான் ஒருத்திதான். மத்தவங்க சுவர் பக்கமே வரலை."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன்?"

"நீ தேறிட்டா அது என்னம்மா பரீட்சை?"

மீசையின் பாடும் சரியில்லை. மாணவனே இல்லாத இடத்தில் டிரில் மாஸ்டர் எதற்கு என்று மேலிடம் கேட்டிருந்தது. நிறைவு அணிவகுப்பு முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

அணிவகுப்பு நாளில் அமைச்சர் வந்தார். பேண்டு முழங்கியது. காலி மைதானத்தைப் பார்த்து மீசை அடித்தொண்டையிலிருந்து கட்டளை போட்டார். அமைச்சர் புல்லுக்கு சல்யூட் அடித்தார். நிராகரிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் புல்லரித்தது.

"என்ன ஒழுங்கு பாத்தீங்களா? ஒருத்தர் கால்கூடத் தப்பலை" என்று மெச்சிக்கொண்டார்கள்.

அப்போது மகள் வேலியைத் தாண்டிக் குதித்தாள். மைதானத்தின் நடுவில் வந்து விறைப்பாக நின்றாள். தலைவர் வெளுத்துப்போனார். "அந்தப் பொண்ணை வெளியே அனுப்புய்யா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

மீசை மகளைப் பார்த்தார். எப்படியும் போகப்போகிற வேலை.

"குவிக் மார்ச்."

அவள் நடந்தாள். மைதானமே அவள் காலுக்குத் தாளம் போட்டது. அமைச்சர் தன்னை மறந்து ஒலிபெருக்கியில், "அருமையான மாணவி" என்றுவிட்டார். அமைச்சர் வாயால் மாணவி என்று சொன்னபிறகு அவள் மாணவி இல்லையென்றால் அமைச்சர் பொய் சொன்னதாக ஆகிவிடும். ஆகவே மாலைக்குள் சேர்க்கை ஆணை வந்தது.

மறுநாள் அகாடமி வாசலில் ஊரே திரண்டது. முன்வரிசையில் மீசையின் அக்கா.

"ஒரு டிரில் மாஸ்டர் பொண்ணே உள்ளே போயிட்டாள்னா, போக முடியாத எங்க பிள்ளைங்க என்ன மக்குகளா? அவளை வெளியே அனுப்பு. இல்லைன்னா எங்க பிள்ளைங்களையும் சேர்த்துக்கோ."

தலைவர் களைத்துப் போயிருந்தார். "சரிம்மா, எல்லாரையும் சேர்த்துக்கறேன். நாளைக்கு விடியறப்போ சேத்துல இறங்கணும். மீசை பாத்துக்குவாரு."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஒரு தகப்பனார் மட்டும் முன்னால் வந்தார்.

"சார், நாங்க அகாடமியைப் பத்திப் பேசறோம். நீங்க என்னமோ ராணுவத்தைப் பத்திப் பேசறீங்களே."

அன்று மாலையே கடலும் வானமும் இனி எவரையும் சேர்ப்பதில்லை என்று அறிவித்தன. கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. தரை பழையபடி மூன்றாமிடத்துக்கு வந்தது. பித்தளைப் பலகைகளைப் பழைய பாத்திரக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார்.

மீசையின் வேலை தப்பியது. ஒரே ஒரு மாணவிக்கு நான்கு வரிசைக்குரிய கட்டளைகளைப் போட்டார். அவளும் நான்கு வரிசைக்குரிய சேற்றோடு வீடு திரும்பினாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் மரியாதைக்கு வந்து உட்கார்ந்தார். பின்பக்கக் குழாயடியில் மகள் பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு ஒரே பொண்ணாமே. என்ன பண்றா?"

மீசை எழுந்து, பின்பக்கக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார்.

"அவளை மூணு அகாடமியிலயும் நிராகரிச்சுட்டாங்க" என்றார்.

வந்தவர் எழுந்து நின்று, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.