ஆட்சேபம் தெரிவிக்காத தலைவி

சாமரபுரிப் பேரரசின் பொதுப் பல்கலைக்கழகத்தில், மகளிர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், என் அறைத்தோழி தில்லைக்கரசி கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டது. "உனக்கு எண்ணெய் ஆகாதுடி. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். பிறகு கண்கள் மஞ்சளாயின. ஊருக்கு அழைத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. விடுதித் தண்ணீர்தான் காரணம் என்று அவள் ஊர் மருத்துவர் சொன்னார்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்படி மனு கொடுத்தோம். பேரரசர் அக்கறையுடன் விசாரித்தார். உள்ளே எட்டிப் பார்த்ததால்தான் மாணவிகளுக்கு மனக்கலக்கம் வந்தது என்று கண்டறிந்து, தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டச் சொன்னார். பூட்டிய பின் தண்ணீர் இன்னும் மஞ்சளானது. உடனே பொன்னிறத்தை நாட்டுக் கொடியின் நிறமாக அறிவித்தார். அதன்பின் தண்ணீரைக் குறைசொல்வது கொடியைக் குறைசொல்வதாயிற்று. கொதிக்க வைத்துக் குடித்தவர்களுக்கு அபராதம். "கொடியைக் கொதிக்க வைப்பீங்களாம்மா?" என்று பதிவாளர் சோமநாதர் மனம் நொந்து கேட்டார். முதலாண்டுப் பெண்கள் இரண்டு பேர் கண் மஞ்சளாகி ஊருக்குப் போனார்கள்.

எங்களுக்காகப் பேச ஒரு தலைவி வேண்டும், தேர்தல் வையுங்கள் என்று கேட்டோம். மக்கள் குரலில் பேரரசருக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு, சம்மதித்தார். தகுதிகளை மட்டும் அவரே எழுதினார். தலைவியாக நிற்பவள் எந்த மனுவிலும் கையெழுத்திட்டிருக்கக் கூடாது. கூட்டமாக நின்றிருக்கக் கூடாது. கடந்த மாதத்தில் சத்தமாகச் சிரித்திருக்கவும் கூடாது. இப்படி ஒருத்தி கிடைக்கமாட்டாள் என்ற தைரியத்தில், தலைவிக்கு அதிகாரங்களை அள்ளிக் கொடுத்தார். விடுதி பற்றிய எதையும் அவளிடம் கேட்கலாம். அவள் ஆட்சேபிக்காவிட்டால் அதுவே சட்டம்.

பேரரசின் வழக்கமே அதுதான். எங்கள் கட்டணத்தை இரண்டு மடங்காக்கும் தீர்மானத்தை விடுமுறையில், காலி விடுதியில் வாசித்தார்கள். சுவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

எங்கள் வகுப்புப் பர்வீன், தில்லைக்கரசியின் பெயரை முன்மொழிந்தாள். அந்தப் பெயர் பதிவேட்டில் இருந்தது. நீக்க வேண்டுமானால் மாணவியே நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி.

பதிவாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரிபார்த்தார். "மனு இல்ல, கூட்டம் இல்ல, போன மாசம் பூரா ஒரு சத்தமும் இல்ல. நம்ம விடுதியில இப்படி ஒரு தங்கமான பொண்ணா! போட்டியின்றித் தேர்வு."

முதல் கூட்டத்தில் தலைவியின் காலி நாற்காலிக்கு முன்னால் பர்வீன் எழுந்து நின்றாள். பதிவாளர் வாசலருகே அமர்ந்திருந்தார்.

"தலைவி அவர்களே, பூட்டைத் திறந்து தொட்டியைக் கழுவலாமா? ஆட்சேபம் உண்டா?"

காத்திருந்தோம். அந்தக் கூடத்தில் நாங்கள் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

"ஆட்சேபம் இல்லைங்க ஐயா. சாவி குடுங்க" என்று பர்வீன் பதிவாளர் பக்கம் திரும்பினாள்.

"என்ன விளையாட்டு இது? அந்தப் பொண்ணு எங்க?"

"செத்துப் போயிட்டாங்க ஐயா."

"அப்ப தேர்தலே செல்லாது!"

"சரிங்க ஐயா. செத்துட்டாங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. எதனாலன்னு ஒரு வரி சேர்த்து."

பதிவாளர் பேனாவைத் திறந்தார். மேசைமேல் அவருக்காக வைத்திருந்த பொன்னிறத் தண்ணீரைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"சாகறதாவது! தலைவி நல்லா இருக்காங்க. ஏதோ வேலையா இருப்பாங்க, பாவம்" என்று சாவிக்கொத்தை நீட்டினார்.

"வேலை நெறைய இருக்குங்க ஐயா" என்றாள் பர்வீன். அன்று சிரித்த சிரிப்பில் நாங்கள் எல்லோருமே அடுத்த தேர்தலுக்குத் தகுதி இழந்தோம்.

தொட்டிக்குள் செத்த புறாக்கள் கிடந்தன. அவற்றுக்கடியில், தூய குடிநீர்த் திட்டத்தைப் பேரரசர் திறந்து வைத்ததற்கான கல்வெட்டுப் பலகை கிடந்தது. இரண்டு நாள் தேய்த்துக் கழுவினோம். கட்டணத்தைப் பற்றியும் தலைவியிடம் கேட்டோம். குறைப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

எதையும் கேட்காத, எதையும் மறுக்காத இந்தத் தலைவியைப் பற்றிப் பேரரசர் கேள்விப்பட்டு நெகிழ்ந்து போனார். பொற்பதக்கம் அனுப்பினார். அதே தகுதிகளைப் பேரரசின் பேரவைத் தேர்தலுக்கும் விதித்தார். நாடெங்கும் தில்லைக்கரசி போன்றவர்களே உறுப்பினர்களாகப் போட்டியின்றித் தேர்வானார்கள். பேரவையில் இப்போது கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை. கேட்டதெல்லாம் ஒருமனதாக நிறைவேறுகிறது. பேரரசர் நிம்மதியாக உறங்குகிறார். அங்கே எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற செய்தி மெல்லப் பரவி, ஊர் ஊராகச் சனங்கள் தலைநகருக்கு வண்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பட்டம் வாங்கி வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் அறையின் ஜன்னலோரக் கட்டில் இன்னும் தில்லைக்கரசியின் பெயரில்தான் இருக்கிறது.