பித்தளை போல்ட் போட்ட ஸ்கூட்டர்

எந்தக் கடையில் போய் நின்றாலும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்த ஒரு குணத்தால் ஒரு பெரிய மனிதரைப் பருத்திக் காட்டுக்குள் தள்ளியிருக்கிறேன்.

அறுபதுகளில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் நான் போர்மேன். எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா கோவில்பட்டியில் பஞ்சாலை ஃபிட்டர். வெடிக் கம்பெனிக்காரனுக்கா பெண் கொடுப்பது என்று இரண்டு மாதமாக இழுத்தடித்தவர், நேரில் பார்த்து முடிவு சொல்வதாகத் தகவல் அனுப்பினார். எனக்கோ பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அவரைச் சாத்தூர் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர அக்கா வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கினேன். பார்த்தால், பின்சக்கர ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட் தேய்ந்து ஆடியது. கழற்றிக் கிணற்றில் வீசிவிட்டு, புதிது வாங்கச் சிவகாசி போனேன்.

"பழைய போல்ட்டைக் கொண்டாந்தீகளா?" என்றார் இரும்புக்கடை அண்ணாச்சி. அது கிணற்றில் கிடந்தது. "சரி, திருகுற மரை பொடுசா, பெருசா? இஞ்சுக் கணக்கா, மில்லிக் கணக்கா?"

"ரெண்டும் கலந்த மாதிரி."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கறுப்பு, வெள்ளை, தலையில் எழுத்து உள்ளது, இல்லாதது என்று ஒரு குவியலைக் கொட்டினார். எல்லாமே போல்ட்டாகத்தான் தெரிந்தன. அப்போது ஓரத்தில் ஒரு பித்தளை போல்ட் மின்னியது. எங்கள் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் இரும்பே ஆகாது. உரசினால் பொறி, பொறி பட்டால் கூரை மிஞ்சாது. சுத்தியலிலிருந்து கரண்டி வரை பித்தளை, இல்லையென்றால் மரம். ஆகவே பாதுகாப்பு என்றால் பித்தளைதான்!

"தம்பி, அது தண்ணிப் பம்புக்குப் போடுறது. பாரம் தாங்காது."

"பாதுகாப்பைப் பத்தி எனக்கா சொல்றீக, அண்ணாச்சி?"

அவர் பொட்டலம் கட்டினார்.

மறுநாள் காலை, பின்னால் பெண்ணின் அப்பா. நல்ல கனத்த சரீரம். சாத்தூரைத் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் 'டக்' என்றது. வண்டி சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. நாங்கள் பருத்திச் செடிகளின் மேல் உட்கார்ந்தோம்.

அவர் திட்டவில்லை. கிழிந்த வேட்டியோடு எழுந்துபோய், முறிந்த போல்ட்டை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"பித்தளை. யாரு போட்டது?"

"நான்தான். இரும்புன்னா பொறி வந்துருமேன்னு..."

"தம்பி, பிளக்குல பொறி வந்தாத்தானே வண்டியே ஓடும்?"

அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. கல்யாணம் போச்சு என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். மருந்துக்குள்ள நிக்கிறவன் ஒருநாள் அசந்துட்டா எம்மக கதி என்ன? அந்தப் பயந்தான் எனக்கு. நடுரோட்டுலயே பொறிக்கு இம்புட்டுப் பயப்படுறவன், கம்பெனிக்குள்ள எம்புட்டுப் பயப்படுவான்! தேதி குறிக்கச் சொல்லுங்க மாப்ளே. நான் பஸ்ஸுல வாரேன்."

அதன் பிறகு அவர் இருபத்தைந்து வருஷம் இருந்தார். நான் எத்தனை வண்டி மாற்றியும் ஒருநாள்கூடப் பின்னால் ஏறவில்லை. இப்போதும் நான் வண்டிச் சாவியை எடுத்தால், என் மனைவி பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்:

"எங்கப்பா இவுகளை நம்பி என்னையக் குடுத்தாக. அவுக ஏறலையே!"