ஜெராக்ஸ் பாயும் இடம் மாறிய வேலும்

ஒரு இணையதளத்தைத் துணிப்பையில் போட்டு டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஜெராக்ஸ் பாய்.

அப்போது நான் பீளமேட்டில், இணைய முகவரிகளைப் பதிவு செய்து தரும் கம்பெனியில் புகார்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மோசடித் தளம் என்று யாராவது எழுதினால் விசாரித்து முடக்க வேண்டும். வரும் மெயில்களில் பாதி, 'இவன் ஃபிராடு, உடனே மூடு' என்ற ஒரே வரி. என்ன மோசடி, எந்தப் பக்கத்தில், ஒன்றும் இருக்காது. மோசடிகளைக் கண்காணிக்கும் தன்னார்வக் குழுக்களுக்கு நாங்கள் சோம்பேறிகள். எங்களுக்கு அவர்கள் தொல்லை.

அப்படி ஒரு குழுவில் இருந்தார் பாய். உக்கடத்தில் போர்வைக் கடை. மெயில் அனுப்பினால் நாங்கள் படிக்கமாட்டோம் என்று அவரே முடிவுகட்டி, தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, மூன்று ஜெராக்ஸ் போட்டு, நூலால் தைத்து நேரில் வந்துவிடுவார்.

"லிங்க் அனுப்பினாப் போதுமே பாய்?"

"லிங்க்கை அவன் நாளைக்கு மாத்திப்போடுவானுங்க அம்மணி. காகிதத்தை மாத்தட்டும் பாக்கலாம்!"

வீடியோவைக்கூடப் பிரிண்ட் எடுத்து வந்தார். அது ஓடுகிறது என்று காட்ட ஆறு தாள். நான் சிரித்த சிரிப்பில் வாசல் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

சிரித்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சென்னிமலை சரஸ்வதியக்கா, தறிக்காரர்கள் சிலரைச் சேர்த்துத் தன் தளத்தில் பெட்ஷீட் விற்றுவந்தார். அது போலி, அசல் தளம் எங்களுடையது என்று ஒரு புகார் வந்தது. படங்களோடு, பளபளக்கும் ஆங்கிலத்தில். மயங்கிப்போய் அக்காவின் தளத்தை முடக்கிவிட்டேன். தீபாவளி ஆர்டர் வரும் நேரம்.

மறுநாள் அக்கா என் எதிரில் நின்றார். "ஏனுங்க, நான் திருட்டுக் கடையாங்க நடத்தறேன்? தறி நிக்குதுங்க. எங்க சனத்துக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

அக்காவுக்குப் பின்னால் பாய். அக்காவிடம் வாடிக்கையாகச் சரக்கு வாங்குகிறவர் அவர். பையிலிருந்து இரண்டு கட்டுகளை எடுத்தார். ஒன்று அக்காவின் தளம், சரக்கு வாங்குவதற்காக முன்பே எடுத்து வைத்தது; இன்னொன்று புகார் கொடுத்தவனின் தளம். அதே பெயர், அதே படங்கள்.

"எது அசல்னு எப்படிச் சொல்றது பாய்?"

"இந்தத் தறிப் படத்துல, பின்னால தொங்கற முருகன் காலண்டரைப் பாருங்க. இவன் தளத்துல முருகனோட வேல் இடது கைக்குப் போயிருச்சுங்க."

உற்றுப் பார்த்தேன். வேல் மட்டுமல்ல, தேதிகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றன. திருடியது தெரியக் கூடாதென்று படத்தையே திருப்பிப் போட்டிருக்கிறான். பாவி, முருகனைக் கவனிக்கவில்லை!

அக்காவின் தளத்தை அங்கேயே திறந்துவிட்டேன். போலியின் முகவரியோ வேறு ஊர்க் கம்பெனியில் பதிவானது. "அவன் எங்க கஸ்டமர் இல்லீங்க பாய்" என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

"யாரோ ஒருத்தரோட கஸ்டமர்தானுங்களே? போனைப் போடுங்க."

போட்டேன். அங்கேயும் என்னைப்போல் புகார் பார்க்கும் ஒரு பெண், என்னைப்போலவே எரிச்சலோடு. பாயின் கட்டுகளை ஸ்கேன் செய்து அனுப்பினேன். முருகனை அவளும் பார்த்தாள். மாலைக்குள் போலி முடங்கியது. "இனிமே எல்லாத்தையும் இப்படியே ஆதாரத்தோட அனுப்புங்க, உடனே பாக்கறோம்" என்றாள். இன்றுவரை அந்தக் கம்பெனியும் எங்கள் கம்பெனியும் பாயின் குழுவும் அப்படித்தான் சேர்ந்து வேலை செய்கின்றன. சென்னிமலையில் தறியும் ஓடுகிறது.

பாய் தன் குழுவுக்கு எழுதிய அறிக்கையில் ஒரு ஜெராக்ஸ் எனக்கும் வந்தது. நல்ல தளத்தை முடக்கியது யார் என்ற இடத்தைத் தாள் தாளாகப் புரட்டித் தேடினேன். இல்லவே இல்லை. கடைசித் தாளில், தளத்தை மீட்டுத் தந்தவர் என்று மட்டும் என் பெயர் இருந்தது.

"தப்புப் பண்ணினதே நாந்தானுங்களே பாய்?"

"அதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்லீங்க அம்மணி" என்றார், வீடியோவுக்கே ஆறு தாள் எடுத்த மனிதர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.