எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்

"இங்க வச்சுப் பதிஞ்சா ஏத்துக்க மாட்டேங்குது தம்பி. வீட்டுக்குள்ள போயாகணும்," என்று டேப்லெட்டை ஆட்டிக் காட்டினாள் குடைக்காரம்மா.

தெருமுனை மரத்தடியிலேயே விஷயத்தை முடித்துவிடலாம் என்று நின்றிருந்த சர்வேக்காரர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

யாருக்கு என்ன வேலை, அதை வைத்து எந்தக் குடும்பம் வறுமையில் விழக்கூடும் என்று அளக்கிற கணக்கெடுப்பு. ஐந்து மாதமாக ஊரார் கதவையெல்லாம் தட்டி, பயமில்லை என்றால் பச்சை, தள்ளாட்டமென்றால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு என்று பதிந்துகொண்டிருந்தார் அவர். இப்போது வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் அவர் வீடே வந்துவிட்டது. சொந்த வீட்டைத் தானே கணக்கெடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் கூட வேலை பார்க்கும் குடைக்காரம்மா வந்திருந்தாள். புது ஆட்களின் பயிற்சி வகுப்பைக் கவனித்துக்கொள்வதும் அவள்தான். வெயில் இல்லாவிட்டாலும் குடையோடுதான் வருவாள். விதி என்றால் உயிர். குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும்.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் மாமனார் இருந்தார்.

மாமனார் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் நியமன உத்தரவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர். அந்த நிரந்தர வேலை போய் ஒரு வருஷமாகிவிட்டது அவருக்குத் தெரியாது. மகளும் மூச்சுவிடவில்லை. பல் டாக்டரைப் பார்க்க வந்தவர், நாலு நாளாகக் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பினார். திரும்பியதும் வறுத்த கடலையைக் கடகடவென்று மென்றார். இன்று பார்த்து எங்கேயும் போகவில்லை.

குடைக்காரம்மா உள்ளே நுழைந்ததும் மாமனாரின் பத்திரிகை முகத்துக்கு நேராக உயர்ந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கண்ட கண்ட ஆட்களும் வருகிறார்களே என்ற கோபம் போலும்.

"மாமா, கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்களேன். பல்லுக்கு நல்லது."

"பல்லுக்கும் நடைக்கும் என்ன மாப்பிள்ளை சம்பந்தம்?" என்றது பத்திரிகை.

குடைக்காரம்மா ஆரம்பித்தாள். "போன பன்னிரண்டு மாசத்துல என்ன வேலை?"

"நிரந்தரம்," என்றார் சர்வேக்காரர்.

"தம்பி, நீங்களும் நானும் ஒரே நாள்லதானே இந்த வேலைக்கு..."

அவர் பலமாக இருமினார். கண் ஜாடை காட்டினார்.

"கண்ணுல தூசியா? தண்ணி விட்டுக் கழுவுங்க," என்றாள் அவள் அக்கறையாக.

"சரி, சொந்தத் தொழில்னு போடுங்க."

"ஆள் வச்சிருக்கீங்களா?"

பொய் சொல்வதுதான் சொல்கிறோம், முதலாளியாகவே ஆகிவிடலாமே என்று தோன்றியது. "நாலு பேர்."

டேப்லெட் நாலு புதுப் பக்கங்களைத் திறந்தது. "நாலு பேரோட பேரு, போன் நம்பர், சம்பளம் சொல்லுங்க."

சர்வேக்காரர் விட்டத்தைப் பார்த்தார். அங்கே நாலு பேர் யாரும் இல்லை. சமையலறை வாசலில் மனைவி நின்றாள்.

"ஏங்க, எதுக்கு இந்த வம்பு? உள்ளதைச் சொல்லிடுங்க."

சொன்னார். "நாலு பேரும் கிடையாது, நிரந்தரமும் கிடையாது. நாலு மாசம் சும்மா இருந்தேன். மூணு மாசம் சொந்தமா பிளாஸ்டிக் வாளி வித்தேன். அஞ்சு மாசமா இந்த ஒப்பந்த வேலை."

குடைக்காரம்மா விரல்விட்டு எண்ணினாள். "எதுல ஏழு மாசம் இருந்தீங்களோ அதுதானே உங்க நிலை. எதுலயும் ஏழு வரலையே."

இதே விதியை எத்தனையோ வாசலில் நின்று அவர் விளக்கியிருக்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தவர்களைப் பார்த்து, என்ன மனுஷங்களோ என்று மனசுக்குள் சலித்துக்கொண்டும் இருக்கிறார். இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது.

எந்தக் கட்டத்திலும் அடங்காதவர்களுக்கென்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொட்டதும் திரை சிவப்பானது.

"சிவப்பா?" மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, அப்பா மாசாமாசம் பென்ஷன் வாங்குறார். அவரையும் எங்களோட சேர்த்துக்கோங்க. பச்சையாயிடும்."

பத்திரிகை இன்னும் ஒரு அங்குலம் உயர்ந்தது. "நான் விருந்தாளிம்மா. விருந்தாளியை எழுதக் கூடாது. ஆறு மாசம் தங்கியிருந்தாத்தான் எழுதணும்."

மாமனாருக்கு விதியெல்லாம் அத்துப்படியாக இருப்பதைப் பார்த்து, தலைமைக் குமாஸ்தா என்றால் சும்மாவா என்று சர்வேக்காரர் நினைத்துக்கொண்டார். இனி வரப்போகும் திட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மாமா, உங்ககிட்ட மறைச்சிருக்கக் கூடாது."

பத்திரிகை ஒரு பக்கம் புரண்டது.

"இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றது பத்திரிகை. "வீடு வீடா ஏறி இறங்கிச் சம்பாதிக்கிறதுல என்ன கேவலம் இருக்கு? மறைக்கிறவனுக்குத்தானே தெரியும் மறைக்கிற கஷ்டம்."

சர்வேக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனசா இவருக்கு? இத்தனை நாள் இந்த மனிதரைப் பார்த்தா பயந்து செத்தோம்?

குடைக்காரம்மா டேப்லெட்டைப் பையில் போட்டாள், குடையை எடுத்தாள், வாசல்வரை போனாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பி, பத்திரிகையைப் பார்த்துச் சொன்னாள்:

"பெரியவரே, 'எனக்குப் பென்ஷன் எதுவும் கிடையாது'ன்னு நம்ம சர்வே பயிற்சி வகுப்புல எழுதிக் குடுத்தீங்களே, அதுல கையெழுத்துப் போட மறந்துட்டீங்க, நாளைக்கு வந்து போட்டுட்டு உங்க டேப்லெட்டை வாங்கிக்கோங்க."