கழுத்து திரும்பாத மாப்பிள்ளை

பொறுமை இல்லாதவனுக்குக் கழுத்து வலி வரக்கூடாது. எனக்கு வலி தாராளமாக வந்தது; பொறுமைதான் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். இடப்பக்கம் வைத்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்து அடித்ததில் கழுத்தும் முதுகும் இறுகிப்போயின. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பயிற்சி சொல்லிக்கொடுத்தார். தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பிப் பத்து எண்ண வேண்டும். பிறகு இடப்பக்கம் திருப்பிப் பத்து.

"வலிச்சா அங்கயே நிறுத்திடுங்க. ஆறு வாரம் செய்யணும். யாரையும் கழுத்தை முறுக்க மட்டும் விட்டுடாதீங்க."

நாலு நாள் செய்தேன். (நாலாம் நாள் ஆறு வரைதான் எண்ணினேன்.)

ஐந்தாம் நாள் ஞாயிறு. சாயங்காலம் அபிராமபுரத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். அந்தப் பெண்ணின் போட்டோ ஒரு வாரமாக என் சட்டைப்பையில் இருந்தது. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏற்கெனவே மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் பதிலே சொல்லாமல் போயிருந்தார்களாம். அவளை நேராகப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட வேண்டும், அவள் பயம் அதோடு போய்விடும் என்று திட்டமிட்டிருந்தேன்.

அதற்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று காலையில் மந்தைவெளி சலூனுக்குப் போனேன்.

"இன்னா சார், கழுத்து கல்லாட்டம் கீது? ஒரே ஒரு சொடக்கு எடுத்தா பூவாட்டம் ஆய்டும்," என்றார் சலூன்காரர்.

எண்ணெய் தடவித் தோளைப் பிசைந்தார். சொர்க்கமாக இருந்தது. டாக்டரம்மாவை மனசுக்குள் கேலி செய்தேன். அடுத்த நிமிடம் தாடையைப் பிடித்து இடப்பக்கம் ஒரே திருப்பு! சொடக்குச் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மறுபக்கம் திருப்பப் பார்த்தார். தலை வரவில்லை.

"சார், நீ வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு சார்," என்றார், என் கண்ணைப் பார்க்காமல்.

அம்மா பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அங்க போய்க் கழுத்து வலின்னு மூச்சு விடாதே. சீக்காளி மாப்பிள்ளைன்னு முத்திரை குத்திடுவாங்க."

மூச்சு விடவில்லை. அதுதான் வினை. என்னை உட்கார வைத்த நாற்காலிக்கு வலப்பக்கம் சமையலறை வாசல். இடப்பக்கம் ஜன்னலோரம் பெண்ணின் தங்கை நின்றிருந்தாள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் பார்வை அவள்மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது.

வலப்பக்கம் கொலுசுச் சத்தம் கேட்டது.

"காபி எடுத்துக்குங்க."

நல்ல குரல். கை காற்றில் துழாவி டம்ளரைப் பிடித்தது. "தேங்க்ஸ்," என்றேன், தங்கையைப் பார்த்து. உடம்போடு சேர்த்துத் திரும்ப முயன்றேன். முதுகில் சுரீரென்று இழுத்தது. "ஆ... ஸ்ஸ்!" என்று ஒரு முனகல், அதுவும் தங்கையைப் பார்த்தே. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டாள். கொலுசுச் சத்தம் வேகமாக உள்ளே போனது.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து போட்டோவைத் திருப்பிக் கேட்டார். "சின்னவளைக் குடுக்கற எண்ணம் இல்லையாம். பெரியவ அன்னிக்கு முழுக்க அழுதாளாம்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். "இப்பப் போய்ச் சொன்னா யாரு நம்புவா?" என்றாள் அம்மா. ஒரு நாளைக்கு நாற்பது கடிதம் அடித்த நான் அந்த ஒரு கடிதத்தை அடிக்கவில்லை. வெட்கம். மூன்று பேர் பதில் சொல்லாமல் போன வீட்டில் நானும் நாலாவது ஆளானேன். அந்த முகத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை.

கழுத்து, டாக்டரம்மா சொன்னபடி, ஆறு வாரப் பயிற்சியில் சரியானது.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. "அன்னிக்கு மட்டும் இவர் கழுத்து திரும்பியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

இன்றைக்கும் காலையில் பயிற்சி உண்டு. வலப்பக்கம் திருப்பும்போது மட்டும் பத்தோடு நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே இருந்துவிடுவேன். அந்தப் பக்கம்தான் எங்கள் சமையலறை. மனைவி காபி டம்ளரோடு வாசலில் நிற்பாள்.

"நல்லாப் பாத்துக்குங்க," என்பாள். "இந்த வீட்டுல தங்கச்சி கிடையாது."